யோகராணி மருந்து

ஆண் சிலந்தியை முதலில் சீண்ட வேண்டும். பெள்ளி அதற்கென்று ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார். பெட்டியின் மூடியைத் திறந்து, குழாயின் நுனியால் அதன் முகத்துக்கு எதிரே லேசாகத் தட்டுவார். சிலந்தி ஓடாது, மூலையில் ஒளியாது. பின்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும். முன்கால்கள் மேலே போகும். அதன் பற்கள் கடப்பாரை இறங்குவது போல மேலிருந்து கீழே குத்துபவை. அதனால் குத்துவதற்கு முன் உடம்பை உயர்த்தியாக வேண்டும். அப்படி நிற்கும்போதே இரண்டு பல்நுனியிலும் ஒவ்வொரு சொட்டு திரளும். அந்தச் சொட்டைத்தான் பெள்ளி குழாயில் உறிஞ்சி எடுப்பார்.

"மழை விழுந்துட்டா இவனுங்களுக்குப் பொட்டிக்குள்ள இருப்புக் கொள்ளாது," என்றார் பெள்ளி. படுகர். ஐம்பத்தைந்து வயது. முன்பு உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தவர். "பாரு, நேத்துலேர்ந்து சுவரச் சுவரச் சுத்துறான்."

யோகராணி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிலந்தியின் முன்பாதி புதிதாகப் பாலிஷ் போட்ட ஷூ மாதிரி மயிரில்லாமல் கறுத்து மின்னியது. பின்பாதி கத்தரிக்காய்த் தோல் நிறத்தில், மங்கலாக, மெல்லிய மயிரோடு இருந்தது. கடைசியில் நூல் சுரக்கும் இரண்டு உறுப்புகள் விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது ஜோடிக் காலில் ஒரு சிறு முள். பெண் சிலந்தியோடு சேரும்போது அது தன்னைக் கடிக்காமல் தடுத்துப் பிடிக்க ஆணுக்கு அந்த முள் வேண்டும் என்று பெள்ளி ஒருமுறை சொல்லியிருந்தார்.

நான்கு வருடங்களாக, மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, சிலந்தி ஆபீஸ் என்று எஸ்டேட்டில் சொல்லும் இந்த ஆராய்ச்சி அறைக்கு அவள் ஊசிக்காக வருகிறாள். நீர்த்த விஷத்தை அவள் தோளில் ஊசியாகப் போடுவார்கள். பத்து நாள் கழித்து ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீர் சிறு பாட்டில்களில் குளிர்ப்பெட்டிக்குள் போகும். பாட்டிலின் மேல் ஏதோ எண் எழுதியிருக்கும். சீகைமட்டம் எஸ்டேட்டில் எல்லோரும் அதை யோகராணி மருந்து என்றுதான் சொன்னார்கள்.

சிலந்தி இந்த ஊர்க்காரன் இல்லை. பல வருடங்களுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஒரு சொகுசு விடுதி, தோட்டத்து அழகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து பெரணி மரங்களை வேர்மண்ணோடு கப்பலில் இறக்கியது. மண்ணுக்குள் முட்டைப் பைகள் இருந்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். விடுதி மூடப்பட்டது, சிலந்திகள் தங்கிவிட்டன. நீலகிரியின் குளிரும், சீகை மரங்களுக்கடியில் காயாத மண்ணும் அவற்றுக்கு ஒத்துப்போயின. பெண் சிலந்தி மண்ணுக்குள் நூலால் ஒரு குழல் பின்னி, வாயைப் புனல் மாதிரி விரித்து, சுற்றிலும் தடுக்கும் இழைகளைப் பரப்பி வைக்கும். இழையில் ஏதாவது பூச்சி கால் வைத்தால் பாய்ந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வாழ்நாள் பூராவும் அது பெரும்பாலும் அந்தக் குழலை விட்டு வெளியே வராது. ஆண் மட்டும் பருவம் வந்ததும் கிளம்பிவிடும். மழைக்காலம் முழுக்கப் பெண்ணைத் தேடி அலையும். அடுத்த மழையைப் பார்க்காமல் செத்துப்போகும். அலைகிறபோது விடிந்துவிட்டால் ஈரமும் இருட்டுமாக எந்த இடம் கிடைத்தாலும் புகுந்துகொள்ளும். ரப்பர் செருப்பு, கூடை, அழுக்குத் துணி, பாய்.

அதன் விஷம் ஆட்டையும் நாயையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. மனிதரையும் குரங்கையும்தான் கொல்லும். முதலில் குரங்குகள்தான் காணாமல் போயின. கேரட் தோட்டம் வைத்திருந்தவர்கள் அந்த வருடம் சந்தோஷப்பட்டார்கள்.

யோகராணியின் கணவன் தங்கதுரை செத்துப்போனது ஐப்பசியில், விடிகிற நேரத்தில். போர்வையை உதறாமல் இழுத்துப் போர்த்தினான். கையில் சுருக்கென்றது. "எறும்பு போல," என்றான். யோகராணி போர்வையை விலக்கியபோது அவள் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் இரண்டு தடவை கடி விழுந்தது. கால் மணி நேரத்தில் தங்கதுரையின் உதடு மரத்தது. பிறகு கண்ணீர், எச்சில், வேர்வை எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டின. நாக்கின் சதை தனியாகத் துடித்ததை அவள் பார்த்தாள். எஸ்டேட் ஜீப் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்குக் கடிவாயில் வலி மட்டும் இருந்தது. சாயங்காலம் அதுவும் போய்விட்டது.

முயல் ரத்தத்திலிருந்து செய்த வெளிநாட்டு மருந்தை அதற்கு முன்பே வரவழைத்துப் பார்த்திருந்தார்கள். இந்த மலையில் சிலந்தியின் சில தலைமுறைகள் கழிவதற்குள் விஷம் மாறிப்போயிருந்தது, அந்த மருந்து கேட்கவில்லை. அதனால்தான் டாக்டர் ஃபர்ஹானா யோகராணியைத் தேடி, தொழிலாளர் குடியிருப்பில் இருந்த லைன் வீட்டுக்கு வந்தாள். குன்னூர்க்காரி, அப்போது முப்பது வயதுகூட இல்லை. இரண்டு கடி வாங்கியும் பிழைத்த உடம்பில் விஷத்தை முறிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கொடுத்தால் அது இன்னும் பெருகும், அதை எடுத்து மற்றவர்களுக்குப் போடலாம் என்று விளக்கினாள். யோகராணி பாதிதான் கேட்டாள். காரியம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

இந்த நான்கு வருடத்தில் முப்பத்தொரு பேருக்கு அந்த மருந்து போட்டார்கள். இருபத்தொன்பது பேர் பிழைத்தார்கள். வியாழக்கிழமை அவள் சிலந்தி ஆபீசுக்கு நடந்து போகும்போது கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து நின்று வழிவிட்டார்கள். ஒருத்தி பெண்குழந்தைக்கு அவள் பெயரை வைத்தாள்.

அவளுடைய கைகள் மரத்துப்போயின. முதலில் விரல்நுனி, பிறகு உள்ளங்கை. ஊசியால்தான் என்று அவளும் நினைத்தாள், எல்லோரும் நினைத்தார்கள். கொழுந்து பறிக்கக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். இளசு எது முற்றல் எது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை. பறிப்பதை விட்டாள். ஆபீசில் பெட்டிகளைத் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். பேச்சும் குறைந்தது. அதையும் விஷத்தின் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

அன்றைக்கு டாக்டர் ஃபர்ஹானா ஊசியோடு வந்தவள், யோகராணியின் வலது கையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது?"

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"காலைல சோத்துப் பானைய எறக்குனேன். துணி பிடிக்க மறந்துட்டேன் போல."

"சுட்டது தெரியலையா?"

"தோல் கருகுன வாசம் வந்துச்சு. அப்பதான் பாத்தேன்."

ஃபர்ஹானா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, காயத்தைக் கழுவி, களிம்பு தடவ ஆரம்பித்தாள். யோகராணி மேசையின் மறுபக்கம் இருக்கிற யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"இந்தத் தடவ விஷத்தக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. மழை ஆரம்பிச்சிருச்சு. போன வருசம் மருந்து பத்தாம சற்குணம் செத்துப்போன மாதிரி ஆகக் கூடாது."

ஃபர்ஹானாவின் கை நின்றது. பெள்ளி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"அக்கா, இந்த ஊசியில விஷம் இல்ல."

"இன்னைக்கா?"

"எட்டு மாசமா இல்ல. வெறும் உப்புத்தண்ணி."

ஃபர்ஹானா ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க ரத்தத்தைப் பாத்து, அதே மாதிரி மருந்தைச் செயற்கையாச் செய்யலாம்னு பெங்களூருக்கு அனுப்பினேன். அவங்க நரம்புச் செல்லை வெச்சுச் சோதிச்சாங்க. விஷத்தோட உங்க மருந்தைக் கலந்தாலும் விஷம் அதே வேகத்துலதான் வேலை செஞ்சுது. மூணு தடவை செய்யச் சொன்னேன். மூணு தடவையும் அதேதான்."

"நான் சாகலையே."

"அது வேற காரணம். நரம்பு மேல சின்னச் சின்னக் கதவு மாதிரி இருக்கும். தொறந்து மூடும். இந்த விஷம் அந்தக் கதவை மூட விடாது. அதனாலதான் கண்ணீர், எச்சில், துடிப்பு எல்லாம் நிக்காம வருது. உங்களுக்குப் பிறவியிலேயே அந்தக் கதவோட வடிவம் கொஞ்சம் வேற. விஷத்துக்கு அங்க பிடி கிடைக்கல. அதை முறிக்கற மாதிரி உங்க ரத்தத்துல எதுவும் இல்ல. எங்க எல்லாருக்கும் இருக்கற மாதிரி சாதாரண ரத்தம்."

"அந்த இருபத்தொம்பது பேரு?"

"பாதிப் பேருக்கு மேல, கடிச்சும் விஷம் உள்ள சரியாப் போகாத கடி. மீதிப் பேர் ஒடனே வந்ததால பொழச்சவங்க. முன்னாடி கடி பட்டா மந்திரிக்கப் போவாங்க, பயந்து ஓடுவாங்க, வீட்லயே கெடப்பாங்க. முதல் வருசம் ஏழு பேர் போனாங்க. உங்க மருந்து இருக்குன்னு தெரிஞ்ச பிறகு, இறுக்கிக் கட்டுப் போட்டு, அசைக்காம, அரை மணி நேரத்துல தூக்கிட்டு வர்றாங்க. அதுதான் காப்பாத்துது. மருந்து இல்லைன்னு சொன்னா நாளைக்கு யாரும் வர மாட்டாங்க. அதனாலதான் சொல்லல. நீங்க வியாழக்கிழமை நடந்து வர்றதை எஸ்டேட்டே பாக்குது."

வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"சற்குணத்தை நான் இங்கயே வெச்சிருந்தேன்," என்றாள் ஃபர்ஹானா. "அப்ப எனக்குத் தெரியாது. பன்னண்டு பாட்டில் போட்டேன். கோயம்புத்தூர்ல நுரையீரலுக்கும் இதயத்துக்கும் பதிலா வேலை செய்யற மெஷின் இருக்கு. விஷம் தானா எறங்கற வரைக்கும் அது தாங்கும். அங்க அனுப்பியிருக்கணும்."

யோகராணிக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. வேறொன்றுதான் தோன்றியது.

"அந்த விஷத்தால என் நரம்ப ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்றீங்க."

"ஆமா."

"மொத ஊசிலேர்ந்தே?"

"ஆமாக்கா."

"அப்போ என் கை ஏன் மரத்துப்போச்சு?"

அந்தக் கேள்வியை எட்டு மாதமாக ஃபர்ஹானாவும் யோசித்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டுகளில் அதற்குப் பதில் இல்லை. கட்டுத்துணியின் முனையை மெதுவாக முடிச்சிட்டாள்.

"தெரியலக்கா," என்றாள்.

யோகராணி எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கொழுந்துக் காட்டில் பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். அவளும் வழக்கம் போலத் தலையை அசைத்தாள்.

அடுத்த நான்கு நாளும் அவள் வேலைக்குப் போனாள், பெட்டிகளைத் துடைத்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டுமா என்று யோசிக்கக்கூட இல்லை. பெள்ளி ஒருமுறை கேட்டார்: "சொல்லிட்டாங்களா?" அவள் ஆமாம் என்றாள். "நான் எட்டு மாசமா உன் முகத்தப் பாக்காமதான் வேலை செஞ்சேன்," என்றார் அவர். அவள் அதையும் கவனித்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குணசுந்தரியைக் கடித்தது.

குணசுந்தரி, போன வருடம் செத்துப்போன சற்குணத்தின் மனைவி. யோகராணிக்கு அடுத்த லைன் வீடு. இரண்டு பேரும் ஒரே வருடம் கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கு வந்தவர்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். சற்குணத்தை எடுத்த அன்று குணசுந்தரி எல்லோருக்கும் கேட்கும்படி, "ஊருக்கெல்லாம் பிடிக்கற ரத்தம், எங்களுக்கு மட்டும் பிடிக்கல," என்றாள். அதற்குப் பிறகு ஒரு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

மழை விட்ட நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் சீட்டைத் தரையில் மடித்து வைத்திருக்கிறாள். திரும்பி எடுத்தபோது மடிப்புக்குள்ளிருந்து கட்டைவிரலில் குத்தியது. உதறியும் விழவில்லை, பல்லை இறக்கித் தொங்கியது. பக்கத்தில் நின்றவள் கத்தியின் முனையால் நெம்பி எடுத்தாள்.

யாரும் ஓடவில்லை, கூச்சல் போடவில்லை. எல்லோர் கூடையிலும் ஒரு சுருள் கட்டுத்துணி இருந்தது. விரலிலிருந்து தோள் வரை இறுக்கிச் சுற்றி, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை வைத்துக் கட்டி, கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கிவந்தார்கள். சிலந்தி ஆபீஸ் வாசலில் யோகராணி நின்றிருந்தாள். குணசுந்தரி அவளைப் பார்த்தாள். உதட்டைச் சுற்றி வேர்த்திருந்தது.

ஃபர்ஹானா இரண்டு நிமிடம்தான் பார்த்தாள். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது, கெண்டைக்கால் சதை தோலுக்கடியில் புழு மாதிரி நெளிந்தது. உண்மையான கடி.

"ஆம்புலன்ஸை எடுங்க. கோயம்புத்தூர் போகணும்."

தூக்கிவந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எதுக்கு டாக்டரம்மா கோயம்புத்தூரு?" என்றார் மேஸ்திரி அருமைநாதன். "மருந்து இங்கதான இருக்கு?"

"இவங்களுக்கு அது போதாது."

"எத்தன பாட்டில் இருக்கு?"

"இருக்கு. ஆனா அனுப்பியாகணும்."

"இருக்குதுங்கறீங்க, போட மாட்டேங்கறீங்க. வேற யாருக்கு எடுத்து வெச்சிருக்கீங்க?"

அவர் சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் பின்னால் நின்ற பெண்கள் நகர்ந்து ஆம்புலன்ஸ் கதவுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. குணசுந்தரி கட்டிலில் கிடந்தபடியே தலையை ஆட்டினாள். எச்சில் ஒழுகியதால் பேச்சு குழறியது.

"நான் கீழ வர மாட்டேன். பிடிச்சாப் பிடிக்கட்டும். இல்லாட்டி அவரு போன எடத்துலயே போறேன்."

ஃபர்ஹானா யோகராணியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்பது போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

யோகராணி முன்னால் வந்தாள். தன் குரல் எங்கிருந்தோ வருவது போல அவளுக்கே கேட்டது.

"பாட்டில்ல இருக்கறது ஆறின மருந்து. சற்குணத்துக்குப் போட்டது அதுதான். அதான் பிடிக்கல. இவளுக்கு என் ரத்தத்தச் சூடா, நேரா ஏத்தணும். அந்த மெஷினு கோயம்புத்தூர்லதான் இருக்கு. நானும் கூடப் போறேன். வழிய விடுங்க."

பெண்கள் உடனே விலகினார்கள். அருமைநாதன் தானே கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார். குணசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

மலையிறங்கும் வழியெல்லாம் ஃபர்ஹானா ரப்பர்ப் பையை அமுக்கிக் குணசுந்தரிக்கு மூச்சு கொடுத்துக்கொண்டே வந்தாள். நுரையீரலிலிருந்து இளஞ்சிவப்பாக நுரை வந்தது. அதை ஒரு குழாயால் உறிஞ்சி எடுக்கச் சொன்னாள், யோகராணி எடுத்தாள். தங்கதுரையின் முகத்தில் பார்த்ததெல்லாம் இந்த முகத்திலும் வரிசையாக வந்தன. கண்ணீர் வந்தது, நாக்கு துடித்தது. அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டும்போது ஃபர்ஹானா கை மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"நீங்க சொன்னது பொய்யின்னு ஒரு நாள் தெரியும்க்கா."

"தெரியட்டும். அமுக்குங்க."

குணசுந்தரி நான்கு நாள் அந்த மெஷினில் இருந்தாள். கட்டைவிரல் தடிமனுக்கு இரண்டு குழாய்கள் வழியாக ரத்தம் வெளியே போய், சுற்றி, சிவந்து திரும்பி வந்தது. யோகராணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பார்க்க விட்டபோது உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் குணசுந்தரி தானாக மூச்சு விட்டாள். ஆறாம் நாள் கஞ்சி குடித்தாள். ஏழாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எஸ்டேட் வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறினார்கள்.

குணசுந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலை ஏற ஆரம்பித்த பிறகுதான் யோகராணியின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு முழங்கையையும்.

"குத்துன தடமே இல்ல."

யோகராணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நர்ஸைக் கேட்டேன்," என்றாள் குணசுந்தரி. "எனக்கு யாரோட ரத்தத்தயும் நேரா ஏத்தலையாம். அப்படியெல்லாம் ஏத்தறதே இல்லையாம். உன் மருந்த எனக்குப் போடல."

"போடல."

"பெறகு எப்படிப் பொழச்சேன்?"

"மெஷினு மூச்சு விட்டுச்சு. விஷம் தானா எறங்கற வரைக்கும்."

"உன் ரத்தம்?"

"என் ரத்தத்துல ஒண்ணும் இல்ல குணா. எல்லாருக்கும் இருக்கறதுதான்."

பஸ் ஒரு வளைவில் திரும்பி முக்கியபடி ஏறியது. எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு நின்றது. குணசுந்தரி கேட்கப்போவது என்ன என்று யோகராணிக்குத் தெரிந்தது. தெரியாது என்று சொல்லலாம். டாக்டரைக் கேள் என்று சொல்லலாம். அவருக்கு விதி அவ்வளவுதான் என்று சொல்லலாம், எல்லோரும் சொல்வதுதான்.

"அவரையும் கீழ கொண்டாந்திருந்தா?"

"பொழச்சிருக்கலாம்."

"இருக்கலாமா?"

"பொழச்சிருப்பாரு."

லாரி கடந்து போனது. பஸ் நகர்ந்தது. குணசுந்தரி அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"அப்பத் தெரியாது. பெறகு தெரிஞ்சுது."

"உனக்கு?"

"பன்னண்டு நாளா."

குணசுந்தரி முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

"அன்னைக்கு டாக்டரு கேட்டாங்க. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோலாமான்னு. ஆம்புலன்ஸக்கூட வாசல்ல நிறுத்திட்டாங்க. நான்தான் வேணாம்னேன். யோகராணி மருந்து இருக்கப்ப எதுக்கு அலையணும்னேன். அவரு கையப் பிடிச்சுக்கிட்டு, மருந்து ஏறிட்டிருக்கு, சரியாயிரும்னு சொல்லிட்டே இருந்தேன்."

ஃபர்ஹானா இதைச் சொல்லவே இல்லை. அந்த அறையில் பழியையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டுதான் பேசினாள். யோகராணி, குணசுந்தரியின் மடியில் கிடந்த கையின் மேல் தன் கட்டுப்போட்ட கையை வைத்தாள். குணசுந்தரி அதைத் தள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

சீகைமட்டம் நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடையோடு காத்திருந்தார்கள். கூடவே அருமைநாதனும் இருந்தார். குணசுந்தரி படியிலிருந்து இறங்கியதும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி யோகராணியின் காலைத் தொடக் குனிந்தாள். யோகராணி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"யோகராணி மருந்து மருந்துதான்," என்றார் அருமைநாதன். "எவ்வளவு ரத்தம் ஏத்துனாங்க குணா?"

எல்லோரும் குணசுந்தரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கூட்டத்தில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கும் வீட்டில் கணவனோ பிள்ளைகளோ இருந்தார்கள். மழை முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. யோகராணி இரண்டு பேருடைய பைகளையும் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். எது சொன்னாலும் சரி என்று நின்றாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றாள் குணசுந்தரி. குரல் இன்னும் தேறவில்லை, மெலிந்திருந்தது. "இந்த மருந்து மேல வெச்சுப் போட்டா வேலை செய்யாது. கீழ போனாத்தான் செய்யும். கடி பட்டாக் கட்டுப் போடுங்க, டாக்டருகிட்டக் கொண்டுபோங்க. அவங்க கோயம்புத்தூருன்னு சொன்னா ஒரு வார்த்த பேசாம ஏறிருங்க. வண்டிய மறிக்காதீங்க. எவளாவது, மருந்து இங்க இருக்கேன்னு சொன்னா, சற்குணத்த நெனச்சுக்கச் சொல்லுங்க."

அருமைநாதன், "சரிம்மா," என்றார்.

குணசுந்தரி ஒருத்தியிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போகும் பாதையில் இறங்கினாள். யோகராணி பைகளோடு பத்தடி பின்னால் நடந்தாள். குணசுந்தரி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வேகமாகவும் நடக்கவில்லை.